வாசலில் கூட்டம், கல்லாவில் நட்டம்: அமெரிக்காவின் தனி மருந்துக்கடைகளும் பிபிஎம் சிக்கலும்

அமெரிக்காவில் 2010க்கும் 2020க்கும் இடையில் இயங்கிய சில்லறை மருந்துக்கடைகளில் 29.4 சதவீதம் 2021க்குள் மூடப்பட்டுவிட்டன. 2024 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வின் கணக்கு இது. பெரிய சங்கிலிக் கடைகளைவிட, ஒரு மருந்தாளுநரோ ஒரு குடும்பமோ சொந்தமாக நடத்தும் தனிக்கடைகளே மூடப்படும் வாய்ப்பு அதிகம் என்றும் அதே ஆய்வு சொன்னது.

ஆள் வராததால் கடையை மூடினார்கள் என்றால் அதில் விளக்க எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கடைக்காரர்களின் புகார் வேறு. ஆள் வருகிறார்கள், மருந்தும் விற்கிறது, விற்ற பிறகு கணக்குப் பார்த்தால் வாங்கிய விலைகூடத் திரும்பவில்லை என்கிறார்கள். ஒரு கடைக்காரர் ஏன் நட்டத்துக்கு விற்க வேண்டும்? விலையைக் கூட்டி விற்றால் என்ன?

அவரால் கூட்ட முடியாது. விலையை வைப்பவர் வேறொருவர். பார்மசி பெனிஃபிட் மேனேஜர், சுருக்கமாக பிபிஎம், என்பது அவர் பெயர்; காப்பீட்டின் சார்பில் மருந்துப் பில்களைக் கையாளும் இடைத்தரகர் நிறுவனம் அது. ஆர்கன்சா மாநிலத்தின் 2025 சட்டம், 2026 பிப்ரவரியில் கையெழுத்தான மத்தியச் சட்டம் என்று செய்திகளில் இந்த மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருவதால், அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரு மாத்திரைக்கான பணம் போகும் பாதை

1. மருந்து நிறுவனம் ஒரு பட்டியல் விலையை அறிவிக்கிறது.

2. மொத்த வியாபாரியிடமிருந்து கடைக்காரர் கடனுக்கு மருந்து வாங்குகிறார். மெக்கெசன், சென்கோரா, கார்டினல் ஹெல்த் என்ற மூன்று நிறுவனங்கள்தான் இந்த மொத்த வியாபாரத்தின் பெரும்பகுதியை வைத்திருக்கின்றன. பில்லைக் குறுகிய தவணைக்குள் கட்டியாக வேண்டும்.

3. நோயாளி மருந்துச்சீட்டுடனும் காப்பீட்டு அட்டையுடனும் வருகிறார். கடையில் விவரத்தைப் பதிந்ததும் கிளெய்ம் பிபிஎம்மின் கணினிக்குப் போகிறது. சில நொடிகளில் பதில் வந்துவிடும்: இந்த மருந்துக்கு அனுமதி உண்டா, நோயாளி கையிலிருந்து கட்ட வேண்டிய கோ-பே எவ்வளவு, கடைக்குக் கிடைக்கப்போவது எவ்வளவு.

4. அதே மருந்துக்காகக் காப்பீட்டு நிறுவனத்திடமோ, ஊழியர்களுக்குக் காப்பீடு தரும் கம்பெனியிடமோ பிபிஎம் ஒரு தொகையை வசூலிக்கிறது. கடைக்குக் கொடுத்த தொகையும் இந்தத் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

5. தன் மருந்தைக் காப்பீட்டின் அனுமதிப் பட்டியலில் நல்ல இடத்தில் வைப்பதற்காக மருந்து நிறுவனம் பிபிஎம்முக்குக் கழிவு தருகிறது. இதைத்தான் ரிபேட் என்கிறார்கள்.

மூன்றாவது படிதான் முக்கியம். பொருளை வாங்கிக் கையில் வைத்திருப்பவர் கடைக்காரர். அது என்ன விலைக்குப் போகும் என்பதோ திரையில் வரும்போதுதான் அவருக்கே தெரிகிறது. ஓர் உதாரணத்துக்கு, 90 டாலருக்கு வாங்கிய மருந்துக்கு 84 டாலர் என்று திரை சொல்கிறது என வைத்துக்கொள்வோம். எதிரே நிற்பவர் பத்து வருடமாக வருகிறவர். மருந்து இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவதா, 6 டாலரை விடுவதா? ஒரு நாளில் இப்படிப் பல முறை முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

பிபிஎம் எப்படி இவ்வளவு பெரிதானது?

தொடக்கத்தில் இது ஒரு குமாஸ்தா வேலை. 1960களின் இறுதியில் காப்பீட்டில் மருந்துச் செலவும் சேரத் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான சிறு பில்களைச் சரிபார்த்துப் பணம் பட்டுவாடா செய்ய ஆள் தேவைப்பட்டது. அதற்காக வந்தவைதான் இந்த நிறுவனங்கள். ஒரு கிளெய்முக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் வாங்கிக்கொண்டன.

1990களில் மருந்து நிறுவனங்களே இவற்றை வாங்கின. 1993இல் மெர்க் மெட்கோவை வாங்கியது. 1994இல் எலை லில்லி பிசிஎஸ்ஸை வாங்கியது. மருந்து செய்பவரே எந்த மருந்துக்குக் காப்பீடு என்பதையும் தீர்மானித்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பத்தாண்டுக்குள் அந்த உறவுகள் முறிந்தன.

அப்புறம் வந்த இணைப்புகள் முறியவில்லை. 2007இல் சிவிஎஸ் என்ற மருந்துக்கடைச் சங்கிலி கேர்மார்க் என்ற பிபிஎம்முடன் சேர்ந்தது. 2018இல் அதே சிவிஎஸ் ஏட்னா என்ற காப்பீட்டு நிறுவனத்தையும் வாங்கியது. அதே ஆண்டு சிக்னா என்ற காப்பீட்டு நிறுவனம் எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற பிபிஎம்மை வாங்கியது. யுனைடெட்ஹெல்த் என்ற காப்பீட்டு நிறுவனம் தன் ஆப்டம் ஆர்எக்ஸ் என்ற பிபிஎம்மோடு 2015இல் கேட்டமரன் என்ற இன்னொரு பிபிஎம்மையும் சேர்த்துக்கொண்டது.

இப்போது கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ் என்ற மூன்று பிபிஎம்களும் நாட்டின் மருந்துச்சீட்டுகளில் சுமார் 80 சதவீதத்தைக் கையாள்கின்றன. 2023ஆம் ஆண்டுக்கான இந்தக் கணக்கை 2024 ஜூலையில் வெளியிட்டது மத்திய வர்த்தக ஆணையம். மூன்றுக்குமே சொந்தமாகத் தபால்வழி மருந்தகங்களும், விலையுயர்ந்த சிறப்பு மருந்துகளுக்கான மருந்தகங்களும் உண்டு. சிவிஎஸ்ஸுக்குத் தெருவுக்குத் தெரு கடையும் உண்டு.

ஆக, தனிக்கடைக்காரருக்கு எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிப்பவரே அவருடைய போட்டிக் கடைக்கும் சொந்தக்காரர். பிபிஎம் விவகாரம் எத்தனையோ தொழில்நுட்பச் சொற்களுக்குள் ஒளிந்திருந்தாலும் அதன் வேர் இதுதான். சந்தையில் ஒரு கடைக்காரர் பக்கத்துக் கடையின் விலையையும் தானே எழுதி ஒட்டுவார், பக்கத்துக் கடையின் வாடிக்கையாளர் பட்டியலும் அவரிடமே இருக்கும் என்றால் அந்தப் போட்டி எப்படி நியாயமாகும்?

கடைக்குப் போக வேண்டிய பணம் எங்கெல்லாம் குறைகிறது?

1. உச்சவரம்புப் பட்டியல். ஜெனரிக் மருந்துகளுக்கு, அதாவது காப்புரிமை முடிந்தபின் மற்ற நிறுவனங்கள் செய்யும் மலிவான அதே மருந்துகளுக்கு, இதற்கு மேல் தர மாட்டோம் என்று பிபிஎம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கடைக்காரர்கள் அதை 'மேக்' பட்டியல் என்பார்கள். அதைத் தயாரிப்பதும் மாற்றுவதும் பிபிஎம்தான். மொத்த விலை ஏறிய பிறகும் பட்டியல் பழைய விலையிலேயே நின்றால் வித்தியாசம் கடைக்காரர் தலையில் விழும்.

2. விலை இடைவெளி. கடைக்குக் குறைவாகக் கொடுத்து, காப்பீட்டுக்குப் பணம் போடுபவரிடம் அதிகமாக வாங்கி, நடுவில் இருப்பதை பிபிஎம் வைத்துக்கொள்வது. வெளியில் யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருந்த இதை ஒஹாயோ மாநிலம் பிரித்துப் பார்த்தது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டில் 2017 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரை ஒரே ஆண்டில் 22.48 கோடி டாலர் இப்படி நடுவில் தங்கியிருந்ததை மாநிலத் தணிக்கையாளர் கண்டுபிடித்தார். ஜெனரிக் மருந்துகளில் மட்டும் இந்த இடைவெளி 31.4 சதவீதம். மலிவான மருந்தில்தான் நடுவில் அதிகம் நின்றிருக்கிறது. அத்தனையும் வரிப்பணம். அதே காலத்தில் அந்த மாநிலத்தின் சிறு கடைகள் கட்டுப்படியாகவில்லை என்று கதறிக்கொண்டிருந்தன.

3. பின்னால் வந்து பிடிக்கும் கட்டணம். முதியோருக்கான மெடிக்கேர் மருந்துக் காப்பீட்டில் டிஐஆர் என்ற பெயரில் நடந்தது இது. ஜனவரியில் மருந்து விற்று, பணமும் வந்துவிடும். சில மாதம் கழித்து, உங்கள் கடையின் செயல்திறன் மதிப்பெண் குறைவு, ஆகவே இவ்வளவு திருப்பித் தாருங்கள் என்று கணக்கு வரும். நோயாளி ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டாரா என்பதுகூட அந்த மதிப்பெண்ணில் சேர்ந்தது. 2010க்கும் 2020க்கும் இடையில் இந்தப் பிடித்தம் 1,07,400 சதவீதம் வளர்ந்ததாக மெடிக்கேரை நடத்தும் அரசு நிறுவனமே கணக்கிட்டது. தொடக்கத் தொகை மிகச் சிறியது என்பதால்தான் சதவீதம் இப்படி வீங்கித் தெரிகிறது. ஆனால் பத்தாண்டுக்கு முன் இல்லை என்றே சொல்லத்தக்க ஒரு செலவு, கடையின் லாபத்தையே விழுங்கும் அளவுக்கு வளர்ந்தது உண்மை. விற்ற பொருளில் லாபமா நட்டமா என்று அரை வருடம் கழித்துத்தான் தெரியும் என்றால் யாராலும் கடை நடத்த முடியாது.

4. வாடிக்கையாளரைத் திருப்பிவிடுவது. 90 நாள் மருந்தைத் தபாலில் வாங்கினால் கோ-பே குறைவு, இன்ன சிறப்பு மருந்தை எங்கள் மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனைகள். லாபம் தரும் சீட்டுகள் தனிக்கடையை விட்டுப் போகின்றன. நட்டம் தருபவை அங்கேயே தங்குகின்றன.

இவ்வளவுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் கடைக்காரர்தானே என்று கேட்கலாம். ஊரில் பாதிப் பேருடைய காப்பீட்டு அட்டை ஒரே பிபிஎம்முடையது என்றால், கையெழுத்துப் போடாமல் கடை நடத்த வழி கிடையாது.

ஒரு புற்றுநோய் மாத்திரை சொல்லும் கதை

இமாட்டினிப் என்பது ரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரை. தமிழ் வாசகர்களுக்கு இது புதிய பெயர் அல்ல. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் சென்னை காப்புரிமை அலுவலகம்தான் நிராகரித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்து, கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது. அமெரிக்காவில் இதன் ஜெனரிக் 2016இல் சன் பார்மா மூலம் சந்தைக்கு வந்தது.

ஜெனரிக் வந்துவிட்டால் விலை இறங்க வேண்டும். மருந்தகங்கள் வாங்கும் விலை நன்றாகவே இறங்கியது. ஆனால் வர்த்தக ஆணையம் இமாட்டினிப்பையும், புராஸ்டேட் புற்றுநோய்க்கான அபிராடெரோன் என்ற இன்னொரு ஜெனரிக்கையும் எடுத்து ஆராய்ந்தபோது வேறொன்று தெரிந்தது. பிபிஎம்கள் தங்கள் குழும மருந்தகங்களுக்குக் கொடுத்த தொகை, நாடு முழுவதும் மருந்தகங்கள் வாங்கும் சராசரி விலையைவிடப் பல மடங்கு. இந்த இரண்டே மருந்துகளில், மூன்று ஆண்டுக்கும் குறைவான காலத்தில், குழும மருந்தகங்களுக்கு இப்படிக் கூடுதலாகச் சென்றது ஏறத்தாழ 160 கோடி டாலர். 2025 ஜனவரியில் வந்த இரண்டாவது அறிக்கை சிறப்பு ஜெனரிக் மருந்துகள் பலவற்றையும் சேர்த்துப் பார்த்தது. 2017 முதல் 2022 வரை அந்தத் தொகை 730 கோடி டாலருக்கு மேல்.

தனிக்கடைக்கு வாங்கிய விலைகூட இல்லை. சொந்த மருந்தகத்துக்கு வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு. சிக்கனத்துக்காகத்தான் கடைகளை இறுக்குகிறோம் என்ற வாதத்தை இதற்குப் பிறகு ஏற்பது கடினம்.

பிபிஎம் தரப்பு என்ன சொல்கிறது?

நியாயமாகக் கேட்க வேண்டிய வாதங்களும் இருக்கின்றன. பட்டியல் விலையை ஏற்றுவது மருந்து நிறுவனங்கள். நாங்கள் பேரம் பேசி வாங்கும் ரிபேட்டில் பெரும்பகுதி காப்பீட்டுக்குப் போய் பிரீமியத்தைக் குறைக்கிறது. நடுவில் ஆள் இல்லாவிட்டால் மருந்து நிறுவனத்தைத் தட்டிக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள் என்கிறார்கள். பேரம் பேச ஆள் வேண்டும் என்பது சரி. கடைகள் எல்லாமே பிபிஎம்மால் மட்டும் மூடப்படவில்லை என்பதும் சரி. ரைட் எய்ட் போன்ற பெரிய சங்கிலியே கடன் சுமையும் வழக்குகளும் சேர்ந்து 2023இல் திவாலாகி, 2025இல் முழுதாக மூடப்பட்டது.

ஆனால் ரிபேட் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ரிபேட் பட்டியல் விலையின் சதவீதமாக இருந்தால், விலை கூடக் கூட ரிபேட்டும் கூடும். குறைந்த விலை மருந்தைவிட அதிக விலை மருந்தே பிபிஎம்முக்கு லாபமாகிவிடும். இன்சுலின் விஷயத்தில் நடந்தது இதுதான் என்று சொல்லி 2024 செப்டம்பரில் மூன்று பிபிஎம்கள் மீதும் வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 1999இல் 21 டாலராக இருந்த ஹியூமலாக் இன்சுலின் 2017இல் 274 டாலரைத் தாண்டியது. ரிபேட் போன நிகர விலை காப்பீட்டு நிறுவனத்துக்கு. டிடக்டிபிள், அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் தானே கட்ட வேண்டிய தொகை, முடியாத நோயாளி கவுன்டரில் கட்டுவது பட்டியல் விலையை வைத்து.

இதுவரை நடந்த சீர்திருத்தங்கள்

இந்தச் சட்டங்களைப் புரிந்துகொள்ள ஈரிசா என்ற ஒரு சொல் தெரிந்தாக வேண்டும். 1974இல் வந்த மத்தியச் சட்டம் அது. கம்பெனிகள் தங்கள் சொந்தப் பணத்தில் ஊழியர்களுக்கு நடத்தும் காப்பீட்டுத் திட்டங்களில் மாநிலச் சட்டங்கள் தலையிடுவதை அது பெருமளவு தடுக்கிறது. ஆகவே மாநிலம் சட்டம் போட்டால் பிபிஎம் தரப்பு ஈரிசாவைக் காட்டி நீதிமன்றம் போகும்.

1. வாய்ப்பூட்டு நீக்கம், 2018. காப்பீட்டின் கோ-பேயைவிட ரொக்க விலை குறைவு என்று நோயாளியிடம் சொல்லக் கடைக்காரருக்குச் சில ஒப்பந்தங்கள் தடை போட்டிருந்தன. மத்தியச் சட்டங்கள் அதை நீக்கின.

2. ஆர்கன்சா வழக்கு, 2020. வாங்கிய விலைக்குக் குறையாமல் கடைக்குத் தர வேண்டும், குறைந்தால் மேல்முறையீடு செய்யலாம் என்று ஆர்கன்சா 2015இல் சட்டம் போட்டிருந்தது. ஈரிசா இதைத் தடுக்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-0 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சிறு கடைகளுக்கு நீதிமன்றத்தில் கிடைத்த மிகப் பெரிய வெற்றி இதுதான்.

3. ஒக்லஹாமா, 2023. எந்தக் கடையில் வாங்குவது என்ற நோயாளியின் உரிமையைக் காக்க ஒக்லஹாமா இன்னும் ஒரு படி போனது. அந்த விதிகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. அந்த வழக்கை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2025இல் மறுத்துவிட்டது. கடைக்குத் தரும் விலையில் மாநிலம் கை வைக்கலாம், எந்தக் கடைகளைக் காப்பீட்டில் சேர்ப்பது என்ற வலைப்பின்னலில் கை வைப்பது கடினம் என்பதுதான் இப்போதைய நிலை.

4. மெடிக்கெய்டில் நேரடி வழி. மேற்கு வர்ஜீனியா 2017இல் இடைத்தரகரை விலக்கிவிட்டுத் தானே கடைகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. சராசரிக் கொள்முதல் விலை, அதோடு ஒரு சீட்டுக்கு 10.49 டாலர் வழங்கல் கட்டணம். மாநிலத்துக்கு முதல் ஆண்டில் மிச்சமானதாகக் கணக்கிட்ட தொகை 5.4 கோடி டாலருக்கு மேல். கடைக்கும் கட்டுப்படியாகி அரசுக்கும் மிச்சமாகும் என்றால், நடுவில் எவ்வளவு நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கென்டக்கி 2021இலும் ஒஹாயோ 2022இலும் மெடிக்கெய்டுக்கு ஒரே பிபிஎம் என்ற ஏற்பாட்டுக்கு மாறின.

5. டிஐஆர் மாற்றம், 2024. பிடித்தம் எதுவானாலும் விற்கும் நேரத்திலேயே விலையில் காட்ட வேண்டும் என்று ஜனவரி 1 முதல் விதி வந்தது. பின்னால் வந்து பிடிப்பது நின்றது. விலையே குறைவாக வரும் என்ற ஆபத்து மட்டும் நிற்கவில்லை. முந்தைய ஆண்டின் பிடித்தமும் புதிய குறைந்த விலையும் ஒன்றாக விழுந்த 2024இன் முதல் மாதங்கள் பல கடைகளுக்குப் பெரும் சோதனையாக இருந்தன.

6. ஆர்கன்சாவின் இரண்டாவது முயற்சி, 2025. பிபிஎம் வைத்திருப்பவர் மாநிலத்தில் மருந்தகம் நடத்தவே கூடாது என்று ஏப்ரலில் சட்டம் கையெழுத்தானது. வேரைத் தொட்ட முதல் மாநிலச் சட்டம் இது. தன் 23 கடைகளை மூட வேண்டியிருக்கும் என்று சிவிஎஸ் சொன்னது. நடைமுறைக்கு வரும் முன்பே, ஜூலையில், மத்திய நீதிமன்றம் தடை விதித்தது. வெளிமாநில நிறுவனங்களுக்கு எதிரான பாரபட்சம் என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. இந்த இடத்தில் வடக்கு டகோட்டாவைச் சொல்ல வேண்டும். மருந்துக்கடையின் பெரும்பங்கு மருந்தாளுநர்களிடமே இருக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 1963 முதல் உள்ளது. 1973இல் உச்ச நீதிமன்றம் அதற்கு இடம் கொடுத்தது. 2014இல் அதை நீக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது மக்கள் மறுத்துவிட்டார்கள். ஆகவே உடைமையைக் கட்டுப்படுத்துவது நடக்காத காரியம் அல்ல. எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் அது நிற்பதும் விழுவதும்.

7. மத்தியச் சட்டம், 2026. 2024 டிசம்பரில் இரு கட்சிகளும் ஒப்புக்கொண்ட ஒரு தொகுப்பு கடைசி நேரத்தில் பட்ஜெட் மசோதாவிலிருந்து கழன்றுபோனது. 2026 பிப்ரவரியில் பெரும்பகுதி நிறைவேறியது. மெடிக்கேரில் 2028 முதல் பிபிஎம்மின் வருமானம் மருந்து விலையின் சதவீதமாக இருக்கக் கூடாது, நிலையான சேவைக் கட்டணமாகத்தான் இருக்க வேண்டும். கம்பெனித் திட்டங்களில் ரிபேட்டை முழுதாகத் திட்டத்துக்கே தர வேண்டும்.

இன்னும் என்ன மிச்சம்?

வருமானத்தை விலையிலிருந்து பிரித்தது நல்ல காரியம். அதிக விலை மருந்தைத் தூக்கிப்பிடிக்கும் ஆசையை அது குறைக்கும். ஆனால் அது முதன்மையாக மருந்து நிறுவனத்துக்கும் பிபிஎம்முக்கும் இடையிலான கணக்கு. கவுன்டரில் நிற்கும் கடைக்காரரின் கேள்வி வேறு: 90 டாலருக்கு வாங்கியதற்கு 90 டாலராவது வருமா? இதற்கு நேரடியான பதில் மேற்கு வர்ஜீனியாவில் இருக்கிறது. சராசரிக் கொள்முதல் விலையை அரசு ஏற்கெனவே கணக்கெடுத்துப் பொதுவில் வெளியிடுகிறது. அந்த விலையும் ஒரு வழங்கல் கட்டணமும் என்பதை எல்லாக் காப்பீடுகளுக்கும் அடித்தளமாக வைத்தால், உச்சவரம்புப் பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்ற சண்டைக்கே இடம் குறையும். பிபிஎம்மின் சொந்த மருந்தகத்துக்கும் அதே அளவுகோல் என்றால் இமாட்டினிப் கதையும் திரும்பாது. தபாலில் வர முடியாத வேலைகள் நிறைய இருக்கின்றன. இரண்டு மருந்துகள் சேரக் கூடாது என்று கண்டுபிடித்து மருத்துவரைக் கூப்பிடுவது, தடுப்பூசி போடுவது, இன்சுலின் தீர்ந்து ஓடி வருபவருக்கு அன்றே கொடுப்பது. கிராமத்தில் இதையெல்லாம் செய்வது பெரும்பாலும் அந்த ஒரு கடைதான். அது மூடினால் அடுத்த கடைக்குப் பல மைல் வண்டி ஓட்ட வேண்டும்.

புதிய மசோதா வரும்போது மூன்று விஷயங்களைப் பார்த்தால் அது சிறு கடைக்கு உதவுமா என்று தெரிந்துவிடும். கடைக்குத் தரும் தொகைக்கு ஓர் அடித்தளம் இருக்கிறதா? குழும மருந்தகத்துக்கும் வெளிக் கடைக்கும் ஒரே விலையா? குறைத்துக் கொடுத்தால் கடைக்காரர் யாரிடம் போய், எத்தனை நாளில் பணத்தைத் திரும்பப் பெற முடியும்? மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. மேல்முறையீடு அதே பிபிஎம்மிடமே போகிறது, பதில் வர மாதங்கள் ஆகிறது என்றால், அதற்குள் மொத்த வியாபாரியின் அடுத்த பில் வந்துவிடும்.